ஏரியின் ஆழமும் அண்ணியின் எடையும்

பழவேற்காடு ஏரியின் ஆழம் ஏன் குறைந்துகொண்டே வருகிறது என்ற கேள்விக்கு உலகத்திலேயே முதன்முதலாக விடை கண்டவர்கள் எங்கள் குப்பத்து ஆண்கள். இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. வரலாறு தப்பாக எழுதப்பட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் சொல்கிறேன்.

இதற்கு முன்பும் சிலர் முயன்றது உண்டு. சென்னையிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். நீளக் குழாயை ஏரிக்குள் இறக்கிச் சேற்றை எடுத்தார்கள், டப்பாவில் அடைத்தார்கள், இறால் வறுவல் சாப்பிட்டார்கள், 'முகத்துவாரத்தை மணல் அடைக்கிறது, ஏரிக்குள் வண்டல் படிகிறது' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். படித்தவர்களுக்கே உரிய அவசர முடிவு. ஏரியில் படகு தரை தட்டுவதற்கு உண்மையான காரணம், என் அண்ணி வெண்ணிலா மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்ட கருத்தடை ஊசி.

இந்த உண்மையைக் கண்டறிந்த குழுவின் செயலாளர் நான். பெயர் கவியரசன். பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் மூன்றாம் ஆண்டு. இதுவரை ஒரு கவிதைகூட எழுதியதில்லை, தீர்மானங்கள் மட்டும் எழுதியிருக்கிறேன். ஊரில் கோடு போடாத தாளில் நேராக எழுதுபவன் நான் ஒருவன்தான் என்பதால் பதவி என்னைத் தேடி வந்தது.

நடந்தது இதுதான்.

எங்கள் குப்பத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போக ஏரியைத் தாண்ட வேண்டும். தினமும் காலையில் என் அண்ணன் அர்ஜுனன் தன்னுடைய ஃபைபர் படகில் அண்ணியையும் இரண்டு மீன் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரையில் விடுவான். மீன் பிடிப்பது அவன், விற்பது அண்ணி. கல்லூரி நாட்களில் நானும் படகின் முன்பக்கம் உட்கார்ந்து போவேன். அன்றும் போனேன். எதிர்க்குப்பத்துக்கு நேராக வரும்போது படகின் அடியில் 'கர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. படகு நின்றுவிட்டது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பத்துப் பேர் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"இன்னா அர்ஜுனா, போட்டை அங்கியே நட்டுட்டியா?" என்றான் ஒருவன்.

"ஓவர் லோடுப்பா. சம்சாரத்த எறக்கி வுடு, தானா போவும்" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு தண்ணீரில் தாவி எங்களிடம் வந்தது. அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். படகு அசையவில்லை. ஒரு கூடையைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் வாங்கிக்கொண்டாள். அசையவில்லை. தள்ளலாம் என்று அண்ணன் இறங்கினான். அவனுடைய இரண்டாவது கால் தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், படகு விடுதலையானதுபோல் எழுந்து, யாரும் தொடாமலேயே இரண்டடி முன்னால் போனது. நான் இறங்கவில்லை. ஷூ போட்டிருந்தேன்.

இந்தக் கடைசிப் பகுதி குழுவின் பதிவேட்டில் கிடையாது. 'அந்நேரம் ஓர் அலை வந்தது' என்று பிற்பாடு ஏகமனதாக முடிவாயிற்று. அன்று ஏரி தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடந்தது என்பது உண்மைதான். ஆனால் ஏகமனதான முடிவுக்கு முன்னால் ஏரி என்ன செய்ய முடியும்?

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் உலாவிக்கொண்டே இருந்தான். பத்துப் பேர் முன்னால் பட்ட அவமானத்துக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும், சாப்பிட உட்கார்ந்துவிடுவான். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்.

முறுக்கை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பது அண்ணியின் வழக்கம். அதைத் தோண்டி எடுப்பது என் வழக்கம். அன்று கையில் முறுக்கு சிக்கவில்லை. மடித்த அட்டை ஒன்று சிக்கியது. பார்த்ததும் வைத்திருக்கலாம். எனக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். கோயில் விழாவில் நன்கொடையாளர் பட்டியல் வாசிப்பதுபோல, ராகம் போட்டுச் சத்தமாக வாசித்தேன்.

"பயனாளி பெயர் வெண்ணிலா! வயது இருபத்தேழு! முதல் ஊசியன்று எடை ஐம்பத்திரண்டு! ஆறாவது ஊசியன்று எடை ஐம்பத்தாறு! அடுத்த ஊசி வருகிற மாதம் பதினெட்டு!"

உலாவிக்கொண்டிருந்த அண்ணன் நின்றான்.

"இன்னா ஊசி?"

"கரு நிக்காம இருக்கற ஊசி" என்றாள் அண்ணி, குழம்பைக் கிளறுவதை நிறுத்தாமல்.

"யாரக் கேட்டு போட்டுக்கின?"

"டாக்டரக் கேட்டு."

"என்னக் கேக்கணும்னு தோணலியா?"

"கேட்டனே. ரெண்டாவது பொறந்த அன்னிக்கு, கட்டில்ல படுத்துக்கினே கேட்டேன். நாலு பாட்டிலு ரத்தம் ஏத்தனாங்க. இன்னொண்ணு வந்தா உயிருக்கு ஆவாதுன்னு டாக்டரம்மா உன்னாண்டதான் சொன்னாங்க. 'பாத்துக்கலாம்'னு சொல்லிட்டு டிஸ்சார்ஜ் தாளுல கையெழுத்து போட்ட. ஆறு மாசம் பாத்துக்கினே இருந்த. அப்பறம் நான் போய் போட்டுக்கினேன்."

இந்த இடத்தில் வேறு ஆணாக இருந்தால் வெட்கப்பட்டுக் கணக்கை மறந்திருப்பான். என் அண்ணனுக்கு உண்மையைத் தேடும் வேட்கை அதிகம். விரல் விட்டு எண்ணினான்.

"அம்பத்திரெண்டு, அம்பத்தாறு... நாலு கிலோ! நாலு கிலோ ஏறிக்கீற! அதான் போட்டு தர தட்டிச்சு!"

இவ்வாறு ஒரு விஞ்ஞானம் பிறந்தது.

அண்ணி என்னைப் பார்த்தாள். "முறுக்கு அந்த டப்பால இல்ல தம்பி. பக்கத்து டப்பா" என்றாள். முறுக்கு மொறுமொறுவென்று இருந்தது. என்னவோ இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

மறுநாளே விஷயம் ஊர்த் தலைவர் தருமலிங்கத்திடம் போனது. பதினேழு வருடமாகத் தலைவர். ஐந்து பிள்ளைகளின் தந்தை. கருத்தடை பற்றி முடிவெடுக்க இவரைவிடத் தகுதியானவர் இருக்க முடியாது. "இது அர்ஜுனன் வூட்டு பிரச்சன இல்ல. ஏரி பிரச்சன. ஊரு பொம்பளைங்கல்லாம் ஊசி போட்டுக்கினு ஊதினா, ஒரு நாளு நம்ப போட்டு எதுவும் கரைய வுட்டு நவுராது" என்றார். உடனே 'ஏரி ஆழப் பாதுகாப்பு மற்றும் மகளிர் எடை விசாரணைக் குழு' உருவாயிற்று.

குழு அமைத்த விதத்தைச் சொல்லாவிட்டால் எங்கள் ஊரின் நேர்மை உங்களுக்குப் புரியாது. ஏரியில் மீன் அதிகம் படும் இடங்கள் சில உண்டு. அங்கே ஒருவனே எப்போதும் வலை போட்டு வாரிக்கொள்ளக் கூடாது, ஒருவனே எப்போதும் வெறும் வலையோடு திரும்பவும் கூடாது என்பதற்காக, சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. பாடு தவறினவனை ஊர் விடாது. எங்கள் தாத்தாக்களுக்கும் முந்தின காலத்துச் சட்டம் இது. குழுவையும் அதே முறையில் சட்டியில் சீட்டுப் போட்டுக் குலுக்கித்தான் எடுத்தோம். தலைவரும் என் அண்ணனும் உட்பட வந்த ஐந்து பேரும் ஆண்களாக இருந்தது தற்செயல். சட்டியில் பெண்கள் பெயர் ஒன்றுகூடப் போடப்படாததும் தற்செயல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் ஏலக்கூடத்தில் விசாரணை. ஆண்கள் பெஞ்சிலும் பெண்கள் தரையிலும் அமர்ந்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபசெல்வி 'சாட்சியாக' அழைக்கப்பட்டிருந்தார். தோளில் பையோடு வந்து, யாரும் இடம் கொடுப்பதற்கு முன்னால் ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"சிஸ்டர், இந்த ஊர்ல யார் யாரு ஊசி போட்டுக்கறாங்க, யார் யாரு மாத்திர துன்றாங்க, லிஸ்டு குடுங்க" என்று தொடங்கினார் தலைவர்.

"அத சொல்ல முடியாதுங்க ஐயா."

"ஊருக்குள்ள நடக்கறது ஊருக்குத் தெரிய வேணாமா?"

"ஊருக்குள்ள நடக்கலைங்க. அவங்கவங்க வீட்டுக்குள்ள நடக்குது."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, முந்தானைக்குள் போனது. டீக்கடை சாமுண்டீஸ்வரி மட்டும் முந்தானையைத் தேடவில்லை.

"என் பேர எழுதிக்கோ கவி. நான் ரெண்டு வருசம் தினம் மாத்திர சாப்ட்டேன். ஒரு கிலோ ஏறல. நிறுத்தன பொறவுதான் ஏறிச்சு. அது என் கட போண்டா."

"போண்டா இந்தக் குழுவின் விசாரணை வரம்புக்குள் வராது" என்று பதிவு செய்தேன்.

"சிஸ்டர், ஊசி போட்டா ஊதுமா ஊதாதா? ஒரே வார்த்த" என்றான் அண்ணன்.

"ஒரே வார்த்தைல சொல்ல உடம்பு எல்லாருக்கும் ஒண்ணா இல்லையே" என்றார் ஜெபசெல்வி. "மூணு மாச ஊசில சிலருக்குக் கொஞ்சம் எடை ஏறும். சிலருக்கு ஏறாது. தினசரி மாத்திரைல பெருசா ஏறுதுன்னு ஆராய்ச்சில தெரியல. ஏறினது பிடிக்கலைன்னா மாத்திக்க வேற வழியும் இருக்கு. அத போட்டுக்கறவங்க எங்கிட்ட கேப்பாங்க, நான் சொல்லுவேன். போட்டுக்காதவங்க ஏன் கேக்கறீங்கன்னுதான் எனக்குப் புரியல."

பதில் நீளமாக இருந்ததால் பதிவேட்டில் 'ஆம்' என்று சுருக்கி எழுதிக்கொண்டேன்.

அடுத்தது ஆதாரம். மீன் வியாபாரி தெய்வசிகாமணி தன்னுடைய மின்னணுத் தராசைப் பெருமையோடு நடுவில் கொண்டுவந்து வைத்தார். தினமும் ஊர் மீனெல்லாம் ஏறி இறங்கும் தராசு. "நூறு கிராம் தப்பாது" என்று துண்டால் துடைத்தார்.

"மீனுக்கு தண்ணிக் கழிவு, கூடைக் கழிவுன்னு எடைல கொறப்பியே, எங்களுக்கு பொடவைக் கழிவு உண்டா?" என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

"குழு பரிசீலிக்கும்" என்றார் தலைவர்.

அண்ணி ஏறி நின்றாள். தராசு யோசித்தது. பிறகு ஐம்பது என்று காட்டியது.

குழுவின் ஐந்து தலைகளும் தராசின் மேல் குனிந்தன.

"அம்பத்திரெண்டா இருந்தவ அம்பதா? அப்ப ஊசி எளைக்க வெக்கிதா?" தலைவர் குழம்பிப்போனார்.

அண்ணி தராசிலிருந்து இறங்கவில்லை. அதன் மேலேயே நின்றுகொண்டு சொன்னாள். "ஊசி எளைக்க வெக்கல தலைவரே. போன ஊசியப்போ சுகாதார நிலையத்துல நான் அம்பத்தாறு. எங்க மீனும் இந்த தராசுலதான் ஏறுது."

தரையில் உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தெய்வசிகாமணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் ஐஸில் வைத்த கெளுத்திபோல் ஆனது. "மனுச எடை வேற, மீன் எடை வேற" என்று ஒரு பௌதிக விதியை அங்கேயே உருவாக்கினார். கூட்டம் தேநீருக்காகப் பத்து நிமிடம் ஒத்திவைக்கப்பட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் தராசு அவசரமாகச் 'சர்வீசுக்கு'ப் போய்விட்டது.

ஜெபசெல்வி தன் பையிலிருந்து சின்ன எடைக்கருவியை எடுத்துத் தரையில் வைத்தார். அதில் அண்ணி ஐம்பத்தாறு. குழுவுக்கு உயிர் வந்தது. ஐவரும் கைதட்டினார்கள்.

"நாலு கிலோ. ஆமா, ஏறிக்கீது" என்றாள் அண்ணி. "எனுக்குத் தெரியாதா? ரவிக்கை பிரிச்சுத் தெச்சது நானு. அத்த தூக்கினு நடக்கறது நானு. உங்கள யாராச்சும் தூக்கச் சொன்னனா?"

இந்த நேரத்தில்தான் நான் என் கல்வியைக் காட்ட ஆசைப்பட்டேன். இரண்டு முறை அரியர் வைத்துத் தேறிய பாடத்திலிருந்து ஒரு வரி திடீரென்று ஞாபகம் வந்தது.

"தலைவரே, ஒப்பிட்டுப் பாக்கணும்னா ஊசி போடாதவங்களையும் நிறுக்கணும். அப்பதான் விஞ்ஞானம்."

"அதுக்கு எங்க போறது?"

"இங்கியே அஞ்சு பேரு கீறீங்களே."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐவரில் ஒருவர்கூட வாழ்நாளில் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டதில்லை. இவ்வளவு சுத்தமான ஒப்பீடு எந்த ஆராய்ச்சிக்கும் கிடைத்திருக்காது. பழைய எடைக்கும் அலைய வேண்டியதில்லை. அண்ணி முதல் ஊசி போட்ட அதே சமயத்தில் இதே ஏலக்கூடத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த முகாம் நடந்தது. அன்று யார் பெரிய உடம்பு என்று போட்டி வந்து, ஆண்கள் அவரவர் எடையைப் பேரோடு கரியால் சுவரில் எழுதிவைத்திருந்தார்கள். மழை படாத சுவர். எண்பத்து மூன்று தருமலிங்கம். எழுபத்தொன்று அர்ஜுனன். எல்லாம் அப்படியே இருந்தது.

ஏறினார்கள். தலைவர் தொண்ணூற்றிரண்டு. அண்ணன் எழுபத்தொன்பது. மற்ற மூவரும் சளைக்கவில்லை. நான் சராசரி போட்டு, எழுந்து நின்று முடிவை வாசித்தேன்.

"ஊசி போட்டவருக்கு ஏறியது நான்கு கிலோ. ஊசி போடாதவர்களுக்கு ஏறியது எட்டு கிலோ. ஆகவே, எடை ஏறுவதற்குக் காரணம் ஊசி போட்டுக்கொள்ளாமல் இருப்பதே என்று குழு கருதுகிறது."

"டேய்!" என்றார் தலைவர்.

"விஞ்ஞானம் தலைவரே."

"அது வேற இது வேறடா. பொம்பளைக்கு ஏறுனா அது கொழுப்பு. ஆம்பளைக்கு ஏறுனா அது உடம்பு. எழுது."

எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன். ஏரியின் நலன் கருதி ஊரில் எந்தப் பெண்ணும் இனி கருத்தடை ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்ற தீர்மானம், ஐந்துக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் நிறைவேறியது. தரையில் இருந்தவர்களுக்கு ஓட்டு இல்லை.

பெண்கள் கத்துவார்கள் என்று தலைவர் இருமித் தயாரானார். அண்ணி கத்தவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் நடந்தாள். அவன் சட்டைப் பையில் அதைச் செருகினாள்.

"செரி, நிறுத்திடறேன். தலைவரே, ஒரே ஆளு எப்பவும் ஒரே எடத்துல நிக்கக் கூடாதுன்னுதான பாடு வெச்சிருக்கீங்க? ஒண்ணர வருசம் என் பாடு. ஆறு ஊசி, நாலு கிலோ, எல்லாம் நானே பாத்தேன். இப்ப இவரு பாடு. தேதி அட்டைலயே கீது, பதினெட்டு. அதுக்குள்ள இன்னா பண்ணணுமோ இவரு பண்ணட்டும். இல்லன்னா, மூணாவது வந்து நான் போய் சேந்தா, ஏரிக்கு அம்பத்தாறு கிலோ கொறையும்."

பாடு என்ற சொல்லை எதிர்த்துப் பேச எங்கள் ஊர் ஆணுக்கு வாய் வராது.

"ஆம்பளைங்களுக்கும் சின்ன ஆபரேசன் இருக்கு" என்றார் ஜெபசெல்வி, எடைக்கருவியைப் பைக்குள் வைத்தபடி. "பத்து இருவது நிமிசம். தையல் கூட கிடையாது."

அப்போதுதான் அண்ணனுக்குக் குரல் திரும்பியது. பெஞ்சின் மேல் ஏறி நின்றே பேசினான்.

"ஆம்பளைக்கு ஆபரேசனா? கழி ஊனி போட்டை தள்றவன் நானு! வலு போயிட்டா யாரு தள்றது? ஆரம்பாக்கத்துல தனசேகர்னு ஒருத்தன் பண்ணிக்கினான். இன்னிக்கு அவன் போட்டுல மோட்டாரே ஸ்டார்ட் ஆவறதில்ல, தெரியுமா? எங்க வம்சத்துல எவனும் அந்த வாசப்படிய மிதிச்சதில்ல. அர்ஜுனன் மிதிப்பானா?"

பெஞ்சு முழுக்கக் கைதட்டல். விசில்கூட வந்தது. பெஞ்சின் ஒரு கால் மட்டும் எழுபத்தொன்பது கிலோ வீரத்தைத் தாங்காமல் முனகியது.

அதன் பிறகு வீட்டில் ஒரு மாறுதலும் இல்லை. அண்ணி சமைத்தாள், மீன் விற்றாள், சிரித்தாள். அண்ணனின் சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்து நாட்காட்டி மாட்டிய ஆணியிலேயே மாட்டிவைத்தாள். பாய் விரிக்கும்போது இரண்டு பிள்ளைகளையும் நடுவில் படுக்க வைத்தாள். அவ்வளவுதான். தினமும் காலையில் அண்ணன் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது அட்டை ஒரு ஆட்டம் ஆடி நிற்கும்.

ஒரு நாள் அண்ணியை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கழியை ஊன்றியபடி கேட்டான். "கவி, ரத்த பாட்டிலு ஒண்ணுல எவ்ளோடா புடிக்கும்?"

"முந்நூத்தம்பது மில்லி இருக்கும்."

"நாலு பாட்டிலுன்னா?"

"ஒண்ணர லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி."

படகில் தண்ணீர் இறைக்கும் பழைய எண்ணெய் டப்பா அவன் காலருகே கிடந்தது. ஒன்றரை லிட்டர் டப்பா. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அடியில் தேங்கியிருந்த கொஞ்சம் தண்ணீரை அதில் மொண்டு, மெதுவாக, சிந்தாமல் வெளியே ஊற்றினான்.

பதினாறாம் தேதி காலையில், "வலைக்கு நூலு வாங்கணும். அக்கரைல உன் சிநேகிதன் வண்டிய கேட்டு வாங்கு" என்றான். வாங்கினேன். வாழ்நாளில் ஹெல்மெட் போடாத என் அண்ணன் அன்று பின்னால் உட்காருவதற்கே ஹெல்மெட் போட்டான். அதற்கு மேல் துண்டு. நூல் கடையைத் தாண்டினோம். இன்னொரு நூல் கடையையும் தாண்டினோம். "இன்னும் நேரா போ" என்றான். அரசு மருத்துவமனை வாசலில் ஜெபசெல்வி எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எங்கள் அண்ணனுக்கு நூல் தேர்வு செய்வதில் நர்ஸ் உதவி தேவைப்பட்டிருக்க வேண்டும்.

"எப்ப போன் பண்ண?" என்று கேட்டேன்.

"மூட்றா."

உள்ளே முதலில் எடை பார்த்தார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றினான். போனை என்னிடம் கொடுத்தான். சாவியைக் கொடுத்தான். பையில் கிடந்த இரண்டு தூண்டில் முள்ளையும் கொடுத்தான். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைத்துக்கொண்டு ஏறினான். கருவி அந்த மரியாதைகளுக்கெல்லாம் மசியவில்லை. எழுபத்தொன்பது.

"சிஸ்டர், கைலிக் கழிவு போட்டு எழுதுங்க."

"எழுதறேன், வாங்க."

கதவு வரைக்கும் போனவன் திரும்பி வந்தான். வராண்டாவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். துண்டை வாயருகே பிடித்துக்கொண்டு, எதிர்க்குப்பம் வரை பாயும் அந்தக் குரலை எங்கே வைத்தானோ தெரியவில்லை, காற்று மாதிரி கேட்டான்.

"சிஸ்டர்... இத்த பண்ணிக்கினா... வெயிட்டு போடுமா?"

ஜெபசெல்வி சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு அரசாங்கம் தனியாக ஒரு விருது கொடுக்கலாம்.

"போடாதுங்க. மோட்டாரும் ஸ்டார்ட் ஆவும். உள்ள போங்க."

வெளியே வந்தபோது தாறுமாறாக நடந்தான், ஆனால் வந்துவிட்டான். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை, அது சரியென்று வரும்வரை ஜாக்கிரதை என்று ஜெபசெல்வி சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பையன்போல் தலையாட்டினான். ஜாக்கிரதைக்கான பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். திரும்பும்போது நானே ஒரு கண்டு நூல் வாங்கினேன். ஆவணம் முக்கியம்.

தன்னுடைய அட்டையை அவன் எங்கே ஒளித்தான் என்று எனக்குத் தெரியும். முறுக்கு டப்பாவில். இந்த முறை நான் சத்தமாக வாசிக்கவில்லை. அண்ணிக்குத் தெரியாது என்று அவன் நம்பினான். ஆனால் முறுக்கு அன்று காலையிலேயே வேறு டப்பாவுக்குக் குடிபோயிருந்தது.

மூன்றாம் நாள் காலை. 'கால் சுளுக்கு' என்று ஊருக்கு அறிவித்துவிட்டு, வலை மூட்டையில் சாய்ந்து படகின் நடுவே அண்ணன் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக அப்படித்தான் உட்கார்ந்து வருகிறான். வீட்டில் இருந்தால் தலைவர் சுளுக்குக்கு எண்ணெய் தேய்க்க வந்துவிடுவாராம். கழி அண்ணியின் கையில். அவள் அதை ஊன்றித் தள்ளிய தள்ளலில் படகு நேராகப் போனது, அவன் தள்ளும்போது போவதைவிட நேராக. எதிர்க்குப்பத்துக்கு நேரே வந்தோம். 'கர்ர்.'

கரையில் அதே பத்துப் பேர்.

"இன்னாப்பா அர்ஜுனா, இன்னிக்கும் ஓவர் லோடா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் ஷூவைக் கழற்றினேன். இருவரும் இறங்கினோம். படகு அசையவில்லை. அண்ணன் இறங்கப் பார்த்தான்.

"ஒக்காரு. பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க" என்றாள் அண்ணி மெதுவாக, நீரைப் பார்த்துக்கொண்டே.

அவன் அவளைப் பார்த்தான். உட்கார்ந்தான். நாங்கள் தள்ளினோம். கால் சேற்றில் கணுக்கால் வரை போனது. கரையில் விசில் அடித்தார்கள். எழுபத்தொன்பது கிலோ ஒரு அங்குலம் நகர்ந்தது, நின்றது.

"போட்டுல இன்னாடா ஏத்திக்கீற, கல்லா?"

என் அண்ணனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"டேய், தண்ணி எங்கடா கீது? மண்ணுடா! ஏரி பூரா மண்ணு ஏறிக்கீது! வெயிட்டாம் வெயிட்டு! கண்ணு தெரியல?"

இவ்வாறாக, ஏரியில் மண் சேர்கிறது என்ற உண்மையை எங்கள் குப்பமும் ஒருவழியாக ஒப்புக்கொண்டது. அதற்கு ஆராய்ச்சியாளர் யாரும் தேவைப்படவில்லை. ஓர் ஆண்பிள்ளை மூன்று நாள் சுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.